காரம் போன வழியில் பெயர்

ஒரு சாதாரண பீட்சாவை எடுத்துக்கொள்வோம். மேலே வட்ட வட்டமாக பெப்பரோனி. அதற்குச் சிவப்பு தருவது பாப்ரிக்கா தூள். பக்கத்தில் நீளவாக்கில் நறுக்கிய குடைமிளகாய். இத்தாலியில் அதற்குப் பெயர் பெப்பரோனே. தூவிக்கொள்ளக் கொடுக்கும் காய்ந்த மிளகாய்ச் செதில் அங்கே பெப்பரொன்சீனோ, அமெரிக்காவில் ரெட் பெப்பர். கடைசியாக மேலே திரித்துவிடும் மிளகு ஆங்கிலத்தில் பெப்பர், இத்தாலியில் பெப்பே. தாவரவியல் புத்தகத்தில் இவை இரண்டு குடும்பங்கள். மிளகுக்கொடி வெற்றிலைக்கு உறவு; மிளகாய்ச்செடி கத்தரிக்கும் தக்காளிக்கும் உறவு. அகராதியைத் திறந்தாலோ ஐந்தும் ஒரே பெயரின் கிளைகள். அந்தப் பெயரை முதலில் வைத்திருந்த பொருள் மட்டும் இந்தத் தட்டில் இல்லை.

பெயர் இப்படிக் கிளைத்ததால் வரும் குழப்பத்தைப் பார்க்க நான்கு ஊர்களில் ஒரே சொல்லைச் சொல்லி பீட்சா கேட்டால் போதும். நியூயார்க்கில் பெப்பரோனி என்றால் பன்றியும் மாடும் கலந்து செய்த காரமான சாசேஜ் வில்லைகள் வரும். ரோமில் குடைமிளகாய் வரும். சூரிக்கிலும் குடைமிளகாய்தான். ஃபிராங்க்ஃபர்ட்டில் வினிகரில் ஊறிய நீள மிளகாய் வரும். நான்கு பேருமே கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். எழுத்தில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது: இத்தாலியர் நடுவில் ஒரு 'பி'யோடு நிறுத்திக்கொள்வார்கள், அமெரிக்கர் தங்கள் பெப்பரின் நினைவில் இரண்டு போடுவார்கள். இத்தாலியில் சாசேஜ்தான் வேண்டும் என்றால் 'சலாமே பிக்கான்தே' என்று கேட்க வேண்டும், அல்லது சாத்தான் பெயர் கொண்ட 'தியாவோலா' பீட்சாவைக் கேட்க வேண்டும். இத்தாலியப் பட்டியல்களில் 'அமெரிக்கானா' என்றொரு பீட்சா உண்டு. அதன் மேல் வருவது சாசேஜும் உருளைக்கிழங்கு வறுவலும். பழிக்குப் பழி என்றுதான் தோன்றுகிறது.

சாசேஜ் பெப்பரோனி பிறந்தது அமெரிக்காவில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கலாப்ரியா, கம்பானியா, சிசிலி என்று தென்இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். மிளகாய் போட்ட இறைச்சி வகைகள் அவர்கள் ஊரிலேயே இருந்தன. கலாப்ரியாவின் ஸ்பிலிங்கா ஊரில் செய்யும் 'ந்தூயா' ரொட்டியில் தடவும் அளவுக்கு மிருதுவானது, நிறத்திலும் குணத்திலும் மிளகாய்ச் சட்னிக்குப் பக்கத்தில் நிற்பது. புதிய நாட்டில் இறைச்சிக்கடை வைத்தவர்கள் மாட்டிறைச்சியும் சேர்த்தார்கள், நைசாக அரைத்தார்கள், பாப்ரிக்காவால் சிவப்பேற்றினார்கள், லேசாகப் புளிக்கவைத்து உலர்த்தினார்கள். உணவு வரலாற்று நூல்கள் இந்தப் புதிய சாசேஜுக்கு வழக்கமாகச் சுட்டும் ஆண்டு 1919, ஊர் நியூயார்க். பீட்சாவின் மேல் அது நிலையாக உட்கார்ந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு.

அதில் போட்ட மிளகாயின் பெயர் இறைச்சிக்குப் போய்விட்டது. இந்த மாதிரி இடமாற்றம் தமிழருக்குப் புதிதல்ல. சங்கத் தமிழில் 'கறி' என்றால் மிளகு. அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர் கப்பல்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்புகின்றன; அவை ஏற்றிப்போனது ஆட்டிறைச்சியை அல்ல. இன்று கறிக்கடை என்றால் என்ன கடை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மிளகிட்டுச் சமைத்ததால் இறைச்சி கறியானது என்பது ஒரு விளக்கம். கடித்துத் தின்பதைக் குறிக்கும் 'கறித்தல்' என்ற வினைதான் இரண்டுக்கும் வேர் என்பது இன்னொரு விளக்கம். எப்படியானாலும் உறைப்புப் பொருளுக்கும் இறைச்சிக்கும் ஒரே பெயர் என்ற நிலைக்கு நாம் நியூயார்க்குக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டோம்.

பெப்பரோனி என்பது பெப்பரோனே என்ற இத்தாலியச் சொல்லின் பன்மை. இத்தாலியில் '-ஓனே' பெரிதாக்கும் விகுதி. மினெஸ்த்ரா என்பது சூப்; மினெஸ்த்ரோனே என்றால் காய்கறி நிறைந்த பெரிய சூப். அப்படியே பெப்பரோனே என்றால் பெரிய மிளகு. கையளவு குடைமிளகாய்க்குப் பொருத்தமான பெயர்தான். பிறகு விரல் நீளத்தில் காரமான வகைக்கும் பெயர் வேண்டியிருந்தது. பெரிதாக்கிய பெயரின் மேலேயே '-சீனோ' என்ற சிறிதாக்கும் விகுதியை ஒட்டினார்கள். பெப்பரொன்சீனோ: சிறிய பெரிய மிளகு. இலக்கண ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கலாப்ரியாவில் எந்தக் கடைக்காரரும் இதில் முரண்பாட்டைக் கண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் அதைச் செல்லமாகக் குட்டிச்சாத்தான் என்ற பொருளில் 'தியாவொலிக்கியோ' என்றும் கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவுக்குப் போன பெப்பரொன்சீனோ அங்கே காரத்தை இழந்து, பீட்சாப் பெட்டிக்குள் ஓரமாக வைக்கும் மஞ்சள்பச்சை ஊறுகாய் மிளகாய்க்குப் பெயராகிவிட்டது. அந்த மிளகாயைச் சாப்பிட்டுவிட்டு இத்தாலிக்குப் போய் அதே பெயரில் கேட்டு வாங்கிக் கடிப்பவர் பாடு கஷ்டம்தான்.

விகுதிகளைக் கழற்றினால் மிஞ்சுவது பெப்பே. அதற்கு முன் லத்தீனில் பைப்பர், அதற்கு முன் கிரேக்கத்தில் பெப்பெரி. கிரேக்கர்கள் இதை முதலில் மருந்துப் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். ஹிப்போகிராட்டசின் பெயரில் தொகுக்கப்பட்ட மருத்துவ நூல்களில் அது இந்திய மருந்தாக வருகிறது, பாரசீகர் வழியாகக் கேட்ட பெயரோடு. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் அதில் இரண்டு வகை உண்டு என்று எழுதினார். ஒன்று உருண்டை, மற்றது நீளம். இரண்டும் உடம்பைச் சூடாக்கும், நீளமானதுதான் வீரியம் கூடியது. உருண்டை நம் மிளகு. நீளமானது திப்பிலி. வடமொழியில் அது பிப்பலி. அதர்வவேதத்தில் புண்ணை ஆற்றும் மூலிகையாக அதற்கென்றே ஒரு துதி இருக்கிறது. பழைய பாரசீகத்தில் 'ல' பெரும்பாலும் 'ர' ஆகிவிடும். பிப்பலி அந்த வழியில் நடந்து பெப்பெரி ஆகியிருக்கிறது.

இந்த இடத்தில் நம்மில் பலருக்குக் கை துறுதுறுக்கும். திப்பிலி தமிழ்ச்சொல், அதிலிருந்துதான் பெப்பர் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். திப்பிலி, பிப்பலி இரண்டில் எது மூத்தது என்ற வழக்கு தனி. வடமொழியே இந்தச் சொல்லை உள்நாட்டு மொழி ஒன்றிலிருந்து எடுத்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ஆனால் கிரேக்கச் சொல்லின் முதல் எழுத்து 'ப'. தகரத்தில் தொடங்கும் நம் வடிவத்தை அவர்கள் கேட்டிருந்தால் அது அப்படிப் போய்ச் சேர்ந்திருக்காது. கிரேக்கர்களுக்கு இந்தப் பெயர் கிடைத்தது வடஇந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாகப் போன தரைவழியில். முசிறிக்கு நேராகக் கப்பல் விட்ட காலம் அதற்குப் பல நூறு ஆண்டுகள் பின்னால். யவன வணிகர் நம் துறைமுகத்தில் வந்து நின்றபோது அவர்கள் நாவில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. நம்முடைய கறியையும் மிளகையும் அந்தப் பழைய பெயரிலேயே எழுதிக்கொண்டு போனார்கள். இஞ்சிக்கு உலக மொழிகளில் நாம் தாராளமாக உரிமை கோரலாம், அந்தச் சான்று வலுவானது. பெப்பருக்குச் சரக்கு நம்முடையது, பெயர் நம்முடையது அல்ல என்று விட்டுவிடுவதே நேர்மை.

சரக்கு போன அளவு கொஞ்சநஞ்சமல்ல. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில், கோயில் ஒன்றைத் தோண்டியபோது இந்தியாவில் செய்த மண்சாடி கிடைத்தது. உள்ளே ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு. ரோமில் டொமிஷியன் அரசர் கி.பி. 92 அளவில் மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார். ரோம அறிஞர் பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலில் விலைப்பட்டியலே தருகிறார்: ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரியஸ், வெள்ளை மிளகு 7, கறுப்பு மிளகு 4. உறைப்பைத் தவிர வேறு எந்த நற்குணமும் இல்லாத இந்தப் பொருளை ஏன் இப்படி விழுந்து விழுந்து வாங்குகிறார்கள் என்று அவருக்கு எரிச்சல். 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், ஊரை விட்டுவைக்கப் பொன்னோடும் வெள்ளியோடும் 3000 ராத்தல் மிளகும் கேட்டான்.

பிளினியின் பட்டியலில் விலை உயர்ந்து நிற்கும் திப்பிலிதான் பின்னால் தோற்றது. நேரடிக் கடல்வழியில் கறுப்பு மிளகு மலிவாக வந்து குவிந்தது. மிளகுக்கு உறைப்பு, கெடாத தன்மை, அளந்து விற்கும் வசதி எல்லாம் இருந்தன. திப்பிலி ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். இடைக்காலம் வரை ஐரோப்பியச் சமையலில் அதற்கு இடம் இருந்தது. பிறகு மிளகாயும் வந்து சேர்ந்ததும் மெல்லக் காணாமல் போனது. பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இன்று ஐரோப்பியர் அதை 'நீள பெப்பர்' என்று அடைமொழி போட்டுச் சொல்கிறார்கள். சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பது போல.

மிளகாய் வந்த கதை இன்னும் வேடிக்கை. கொலம்பஸ் புறப்பட்டதே மிளகு கிடைக்கும் கீழைநாடுகளைத் தேடித்தான். கரீபியத் தீவுகளில் அவர் கண்டது 'அஹீ' என்று தைனோ மக்கள் சொன்ன சிவப்புக் காய். 1493 ஜனவரி 15 நாட்குறிப்பில், அஹீ என்பது இவர்களுடைய மிளகு, நம் மிளகைவிட மதிப்பு கூடியது என்ற பொருளில் எழுதிவைத்தார். பணம் போட்ட அரசிக்கும் அரசருக்கும் எதையாவது மிளகு என்று காட்டியாக வேண்டிய மனிதரின் எழுத்து அது. ஆனாலும் அவர் முழுப்பொய் சொல்லவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம். ஸ்பானியரிடம் மிளகுக்கு 'பிமியெந்தா' என்ற வேறு வேரில் பிறந்த சொல் இருந்தது. வண்ணப்பொருள், சாயம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் கடைசி எழுத்தைப் பெண்பாலிலிருந்து ஆண்பாலாக்கி 'பிமியெந்தோ' என்று புதுக்காய்க்குச் சூட்டினார்கள். ஓர் உயிரெழுத்தில் இரண்டு தாவரங்களைப் பிரித்துவிட்டார்கள். இத்தாலியருக்கு விகுதி தேவைப்பட்டது. ஆங்கிலேயர் எதையுமே மாற்றாமல் இரண்டையும் பெப்பர் என்றே சொல்லி, கறுப்பு, சிவப்பு, பச்சை என்று நிறம் சேர்த்துக் காலம் தள்ளுகிறார்கள்.

ஜெர்மானிய மூலிகை அறிஞர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் 1542இல் வெளியிட்ட பெரிய நூலில் மிளகாய்ச் செடியை அழகாக வரைந்து சேர்த்தார். ஜெர்மனில் அதற்கு வழங்கிய பெயர் கள்ளிக்கோட்டை மிளகு. அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் கையில் இந்தியாவுக்கு வந்து, இந்தியச் சரக்காக ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. ஹங்கேரிக்கு அது துருக்கியர் ஆட்சிக்காலத்தில் போனதால் அங்கே துருக்கி மிளகு. பிறகு தெற்கு ஸ்லாவியரின் சொல் வென்றது. அவர்களிடம் மிளகுக்குப் பெயர் 'பாபர்', லத்தீன் பைப்பரின் பேரன். அதைச் சிறிதாக்கினால் பாப்ரிக்கா. செகெத், கலோச்சா ஊர்களின் பாப்ரிக்கா தூள் ஹங்கேரியின் அடையாளமாகவே ஆயிற்று. செகெத்தில் வேலை பார்த்த ஆல்பெர்ட் சென்ட்-ஜார்ஜி வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்ததும் அந்த ஊர் பாப்ரிக்காவிலிருந்துதான், 1937இல் நோபல் பரிசும் பெற்றார். நியூயார்க் பெப்பரோனிக்குள் பாப்ரிக்கா போனபோது ஒரே பெயரின் இரண்டு கிளைகள் ஒரு சாசேஜுக்குள் சந்தித்துக்கொண்டன.

நம் பக்கம் என்ன நடந்தது? மிளகு, காய்: மிளகாய். இத்தாலியர் செய்ததை அப்படியே, ஆனால் விகுதிக் குழப்பம் இல்லாமல் செய்தோம். தெலுங்கில் மிரபகாய, கன்னடத்தில் மெணசினகாயி, எல்லாம் இதே வார்ப்பு. மலையாளத்தில் பெயரை மிளகாயே பறித்துக்கொண்டது. அங்கே முளகு என்றால் மிளகாய், பழைய மிளகு குருமுளகாகவும் நல்லமுளகாகவும் அடைமொழி போட்டுக்கொண்டு நிற்கிறது. மிளகு விளைகிற மண்ணிலேயே இப்படி. வடக்கே வடமொழியின் மரிசம் மிர்ச் ஆகி மிளகாய்க்குப் போய்விட, மிளகு காலி மிர்ச் ஆயிற்று. தமிழிலோ மிளகு தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. சமையலிலும் ஒரு மூலையில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டது: பல வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றும் மிளகாய் ஆகாது, மிளகுதான். வந்தேறிக்கு முந்தைய அடுக்களை அங்கே அப்படியே நிற்கிறது.

இனி நேப்பிள்ஸ். 1692இல் அங்கே அன்டோனியோ லத்தினி வெளியிட்ட சமையல் நூலில் தக்காளிச் சாறுக்கு 'ஸ்பானிய முறை' என்ற பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. தக்காளியைத் தணலில் சுட்டுத் தோலுரித்து நறுக்கி, வெங்காயம், பொடியாக நறுக்கிய 'பெப்பரோலோ', கொஞ்சம் காட்டு மூலிகை, உப்பு, எண்ணெய், வினிகர் சேர்க்கச் சொல்கிறார். இத்தாலியில் அச்சான முதல் தக்காளிச் சாறுக் குறிப்பு இதுதான் என்பார்கள். தக்காளியும் மிளகாயும் ஒன்றாகவே வந்து இறங்கியிருக்கின்றன என்பது எனக்குப் பிடித்த செய்தி; பீட்சாவில் சிவப்பு மிளகாய் தூவுவதை அமெரிக்கப் பழக்கம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதைக் காட்டலாம். அந்த ஊரின் தக்காளிக்கு முந்தைய பீட்சா என்று சொல்லப்படுகிற மஸ்துனிகோலாவில் பன்றிக்கொழுப்பு, செம்மறிப்பால் சீஸ், துளசி இனத்து பேசில், அதோடு கறுப்பு மிளகு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுத்தாளர் எமனுவேலே ரொக்கோ விவரிக்கும் மிகச் சாதாரண நேப்பிள்ஸ் பீட்சாவில் எண்ணெய், உப்பு, ஆரிகனோ, பொடியாக நறுக்கிய பூண்டு, அவ்வளவுதான். சீஸ் மேலே ஏறிக்கொண்டு மற்றதையெல்லாம் மறைக்கும் முன், பீட்சா என்பதே ரொட்டியின் மேல் தூவிய நறுமணப் பொருளாக இருந்திருக்கிறது.

கொலம்பஸ் முழுப்பொய் சொல்லவில்லை என்றேன். மிளகின் உறைப்புக்குக் காரணமான பைப்பரினை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். மறு ஆண்டே மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டு புகழ்பெற்றதால் இந்த மிளகு வேலையை யாரும் பேசுவதில்லை. திப்பிலியில் இருப்பதும் பைப்பரின்தான். மிளகாயின் கேப்சைசினுக்கு அந்தப் பெயர் வந்தது 1876இல். வேதியியலில் இரண்டும் வேறு பொருள்கள். ஆனால் 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் நரம்பு முனையில் கேப்சைசினை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 2021 நோபல் பரிசு அதற்கும் சேர்த்துத்தான். சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் கதவு அது. கேப்சைசின் பட்டாலும் திறக்கும். பைப்பரின் பட்டாலும் அதே கதவுதான் திறக்கும். திப்பிலி, மிளகு, மிளகாய் மூன்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டவர்கள் செடியைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, நாக்கைக் கேட்டு வைத்தார்கள். நாக்கு தவறாகச் சொல்லவில்லை. தியோஃப்ராஸ்டஸ் இரண்டு மிளகும் உடம்பைச் சூடாக்கும் என்றதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மூளைக்குப் போகும் செய்தி சூடு என்பதுதான்.

அடுப்பில் இந்த மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் வகுத்த விதிப்படி அடுப்புத் தளம் 485 டிகிரி. பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 விநாடி. நம் வீட்டு அவனில் 250 டிகிரியில் பத்து நிமிடம். மிளகாய்ச் செதிலை மேலே தூவி அந்தப் பத்து நிமிடமும் வைத்தால் அது கறுத்துக் கசக்கும். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே செதிலை ஆலிவ் எண்ணெயில் இளஞ்சூட்டில் ஊறவைத்து, பீட்சா வெளியே வந்த பிறகு எண்ணெயாக ஊற்றுவதுதான் இத்தாலியக் கடைகளின் வழி. சீஸின் கொழுப்பு காரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்வதால், சீஸ் இல்லாத மரினாரா பீட்சாவில் ஒரு சிட்டிகை செய்யும் வேலைக்குச் சீஸ் பீட்சாவில் இரண்டு வேண்டியிருக்கும். மிளகின் காரம் சூட்டைத் தாங்கும், வாசனை தாங்காது. திரித்த சில நிமிடங்களிலேயே வாசனை பறக்கத் தொடங்கும், அதனால் தட்டில் வைத்தே திரிப்பது நல்லது. பெப்பரோனிக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். அதன் கொழுப்பு உருகும்போது பாப்ரிக்காவின் சிவப்பும் அதில் கரைந்து சீஸின் மேல் ஓடும். அந்தச் சிவப்பு எண்ணெயைக் காகிதத்தால் ஒற்றி எடுப்பவர்களை எனக்குப் புரிந்துகொள்ள முடியவில்லை. சுவை முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஆரிகனோவை விட்டுவிட்டுப் போனால் பீட்சா கட்டுரை ஆகாது. அது வேறு வேரில் பிறந்த பெயர். கிரேக்கத்தில் 'மலையின் மகிழ்ச்சி' என்று பிரித்துப் பொருள் சொல்வது கேட்க இனிமை, மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை. ஆனால் நடத்தையில் இந்தப் பெயரும் மிளகின் வழியேதான் போயிருக்கிறது. மத்தியதரைக்கடல் ஆரிகனோ புதினா குடும்பத்துச் செடி. மெக்சிகோவில் ஆரிகனோ என்று விற்பது முற்றிலும் வேறு குடும்பம். கியூபா ஆரிகனோ என்று ஆங்கிலத்தில் சொல்வது நம் வீட்டுத் தொட்டியில் சளிக்கு வளர்க்கும் கற்பூரவல்லி. மூன்றையும் சேர்த்துக் கட்டுவது கார்வக்ரால் என்ற ஒரே வாசனைப்பொருள். அதன் உடன்பிறப்பான தைமால் நம் ஓமத்தில் நிறைய. பீட்சாவோடு தரும் சிறு பொட்டலத்தைப் பிரித்ததும் இது எங்கோ தெரிந்த வாசனை என்று தோன்றுவதற்குக் காரணம் இதுவே. ஆரிகனோ கிடைக்காத ஊரில் கற்பூரவல்லி இலையை நிழலில் நன்றாகக் காயவைத்து, உள்ளங்கையில் நொறுக்கிப் போடலாம். பச்சையாகப் போட்டால் கஷாய நெடி மேலோங்கும்.

திப்பிலிக்கு வருவோம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். நல்லாதனார் அதையே தன் நூலுக்குப் பெயராக்கினார். நாட்டுமருந்துக் கடைகளில் அரிசித்திப்பிலி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இருமலுக்கும் பிள்ளைபெற்ற வீட்டு லேகியத்துக்கும் தவிர நாம் அதை வாங்குவதில்லை. கண்டந்திப்பிலி ரசம் வைக்கும் வீடுகளும் குறைந்துகொண்டே வருகின்றன. திப்பிலியின் காரம் மிளகைப் போல உடனே குத்தாது. முதலில் ஓர் இனிப்பு, கொஞ்சம் பட்டையின் சாயல், பிறகு தொண்டையில் மெதுவாக ஏறும். தக்காளிப் புளிப்பில் இந்த இனிப்பு அமுங்கிவிடும் என்பதால் சிவப்புப் பீட்சாவுக்கு அது வேண்டாம். தக்காளி இல்லாத வெள்ளைப் பீட்சா, பூண்டு, நல்ல உப்புச் சீஸ், அதன் மேல் என்றால் பொருந்தும். மிளகு திரிக்கும் கருவியில் முழுத் திப்பிலி நுழையாது. வெறும் வாணலியில் வாசம் வரும்வரை சூடுகாட்டி, சிறு உரலில் இடித்து, சல்லடையில் சலிக்காமல் அப்படியே, பீட்சா அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு தூவ வேண்டும். நான்கு பேர் சாப்பிடும் பீட்சாவுக்கு மூன்று திப்பிலிக்கு மேல் போட்டால் மருந்துக்கடை நெடி அடிக்கத் தொடங்கும்.